யார் கடனை யார் அடைப்பது?

2013 ஏப்ரலில் கொல்கத்தாவின் சாரதா குழுமம் சரிந்தது. ஊரைவிட்டுப் போன அதன் தலைவர் சுதீப்தா சென், காஷ்மீரின் சோன்மார்கில் பிடிபட்டார். சுமார் 17 லட்சம் பேரின் சேமிப்பு போயிற்று. ஏப்ரல் 24 அன்று முதல்வர் மம்தா பானர்ஜி 500 கோடி ரூபாய் நிவாரண நிதியை அறிவித்தார். அதற்காகப் புகையிலைப் பொருள்கள் மீது 10 சதவீதக் கூடுதல் வரி. பணம் சீக்கிரம் சேர, கொஞ்சம் கூடுதலாகப் புகைக்கலாம் என்றும் சொன்னார். அந்தப் பேச்சு நாடு முழுக்க அடிபட்டது. தனியார் நிறுவனம் ஒன்று விழுங்கிய பணத்தை, அதில் காலணாவும் போடாதவர் ஏன் கட்ட வேண்டும் என்ற கேள்விதான் அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது.

வங்காளத்தில் சாரதா போன்ற நிறுவனங்களைச் 'சிட் ஃபண்ட்' என்றார்கள். நம் ஊர்ச் சீட்டோடு அவற்றைச் சேர்க்கக் கூடாது. சீட்டில் உறுப்பினர்களின் பணம் அவர்களுக்குள்ளேயே சுற்றி வரும். ஏலம் எடுத்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும். சாரதாவோ நிலம், அடுக்குமாடி வீடு, சுற்றுலா என்று காகிதத்தில் எழுதிக்கொடுத்துவிட்டு, வேண்டாதவர்கள் கொழுத்த வட்டியோடு பணமாகவே திரும்பப் பெறலாம் என்றது. புதிதாகச் சேர்ந்தவரின் பணம் பழையவருக்கு வட்டியாகப் போயிற்று. இராமகிருஷ்ணரின் துணைவியார் சாரதா தேவியின் பெயர், சொந்தப் பத்திரிகைகள், தொலைக்காட்சிகள், மேடையில் அரசியல்வாதிகள், வாசலுக்கு வந்து ரசீது எழுதும் தெரிந்த முகவர் என்று நம்பிக்கைக்கான எல்லா அடையாளமும் அதனிடம் இருந்தது.

ஈட்டுத்தொகை கூடாது என்பவர்களின் வாதத்தில் மிக வலுவானது, அஞ்சலகத்தில் பணம் போட்டவரைப் பற்றியது. அதே தெருவில், அதே வருமானத்தில், முகவரின் ஆசைவார்த்தைக்கு மசியாமல் குறைந்த வட்டியே போதும் என்று இருந்தவர் அவர். கடைசியில் அவருடைய வரியிலிருந்து, மசிந்தவருக்குப் பணம் போனது. நிதானமாக இருந்ததற்கு அவர் அபராதம் கட்டுவது போல இருக்கிறது இது. நாளை இன்னொரு முகவர் கதவைத் தட்டும்போது, போனால் அரசு தரும் என்ற துணிச்சலும் வரும். இந்த வாதத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. ஈரமற்ற வாதம் என்று ஒதுக்குவது அந்த அஞ்சலகக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

ஆனாலும் ஏமாந்தவரைப் பேராசைக்காரர் என்று சொல்லி முடித்துவிடுவதும் தகாது. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2010 வாக்கிலேயே சாரதாவை விசாரிக்கத் தொடங்கியிருந்தது. நிறுவனத்தை மூடிப் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லும் உத்தரவு, எல்லாம் சரிந்த பிறகு, 2013 ஏப்ரலில்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வசூல் நிற்கவில்லை. 1980இலேயே சஞ்சயிதா என்ற நிறுவனத்தின் வழியாக இதே நகரம் இதே பாடத்தைப் படித்திருந்தது. கண்காணிக்க வேண்டியவர்களுக்குத் தெரிந்த ஆபத்தை வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு எவரும் சொல்லவில்லை. ஆகவே அரசு கொடுக்கும் பணத்தைக் கருணை என்று சொல்வதே பிழை. அது காவல் தவறியவர் பட்ட கடன். அந்தக் கடன் சிறு தொகை போட்டவருக்கு மட்டுமே உரியது. நிறுவனத்துக்கோ, அதில் லட்சக்கணக்கில் போட்டவருக்கோ, அதனால் ஆதாயம் அடைந்தவருக்கோ அதில் பங்கில்லை. கொடுத்த தொகையை நிறுவனத்தின் சொத்தை விற்று மீட்டு, வரி கட்டியவரின் கணக்கில் திரும்பச் சேர்க்கும் பொறுப்பும் அரசுக்கு உண்டு.

இந்த அளவுகோலை வங்கிகளுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். 1906இல் சென்னையில் அர்பத்நாட் நிறுவனம் திவாலானபோது, போட்டவர்களின் இழப்பை எந்தக் கருவூலமும் ஈடுசெய்யவில்லை. சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். அந்தக் காயத்திலிருந்து 1907இல் பிறந்ததுதான் இந்தியன் வங்கி. அதே வங்கி 1995-96இல் 1,336 கோடி ரூபாய் நஷ்டம் காட்டியபோது அரசு மூலதனம் போட்டுத் தூக்கி நிறுத்தியது. 2020இல் கொல்கத்தாவின் அலகாபாத் வங்கி அதனோடு இணைந்தது. இடையில், 2017இல் பொதுத்துறை வங்கிகளுக்கு 2.11 லட்சம் கோடி ரூபாய் மறுமூலதனத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த வங்கிகளின் வாராக்கடனில் பெரும்பகுதி பெருநிறுவனங்கள் வாங்கியது. அந்தப் பணத்துக்காக எந்தத் தொழிலதிபரின் பேராசையைப் பற்றியும் இவ்வளவு உபதேசம் நடந்ததில்லை. வங்கி விழுந்தால் கோடிக்கணக்கானோரின் வைப்புத்தொகை விழும் என்பது உண்மைதான், காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் 500 கோடிக்குப் பேராசையைப் பற்றி நீதி சொன்ன வாய் இங்கே ஏன் மூடிக்கொண்டது?

சாரதா நிவாரணத்துக்கே திரும்புவோம். அதற்காக மாநில அரசு அமைத்த நீதிபதி ஷியாமல் சென் ஆணையம் முதலில் சிறு தொகை போட்டவர்களுக்குக் காசோலை கொடுத்தது. அந்த வரிசைமுறை சரியானது. ஆனால் விண்ணப்பித்த பலருக்குப் பணம் வந்து சேராத நிலையிலேயே, 2014 அக்டோபரில் ஆணையத்தின் காலம் முடிந்தது. இதே வகையில் பணம் திரட்டிய ரோஸ் வேலி போன்ற மற்ற நிறுவனங்களில் போட்டவர்களுக்கும் இதே கேள்வி உண்டு. அவர்களையும் அதே அரசுதான் காக்கத் தவறியது. அவர்களும் அதே புகையிலை வரியைத்தான் கட்டினார்கள்.