இரண்டாவது நோட்டு

திருடுவது பாவம் என்பது எங்கள் தஞ்சாவூர்ச் சீமையில் பால்குடி மறவாத குழந்தைக்குக்கூடத் தெரியும். கோயில் சொத்தைத் தின்றவன் குலம் விளங்காது என்று பாட்டிமார்கள் சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மரக்காலில் கைவரிசை காட்டுகிற வியாபாரியை ஊர் லேசில் மன்னிப்பதில்லை. ஆனால் வருமானத்தை மறைத்து வரியைக் குறைத்துக்கொண்டவர் விஷயத்தில் மட்டும் நம்முடைய தர்ம சாஸ்திரம் கண்ணை மூடிக்கொண்டு விடுகிறது. போதாக்குறைக்குக் "கெட்டிக்காரர்" என்று ஒரு பட்டத்தையும் கொடுத்துவிடுகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. அடுத்த வீட்டுக்காரரிடம் நூறு ரூபாயை ஏமாற்றினால் மறுநாள் காலையில் அவர் முகத்தில் விழிக்க வேண்டும். சர்க்காரின் முகத்தில் யார் விழிக்கிறார்கள்? தவிரவும், வரி என்றாலே பிடுங்கிக்கொண்டு போவது என்ற எண்ணம் நமக்கு வெகு காலமாக ஊறிப்போயிருக்கிறது. முதலாம் குலோத்துங்கன் 1070-இல் பட்டத்துக்கு வந்து ஐம்பது வருஷம் போல ஆண்டான். படையெடுத்தான், நிலத்தை அளந்தான். இருந்தும் அவனுக்கு நிலைத்து நின்ற பெயர் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்பதுதான். சுங்கம் வாங்கிய அரசர்கள் எத்தனையோ பேர். அதற்காக அவர்களுக்கு யாரும் பட்டம் கட்டவில்லை.

கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இந்தப் பேச்சு வந்தாலே கொதித்துப் போவார். "நீங்கள் கதை எழுதுகிறவர், உங்களுக்கென்ன சார்! வாய்க்காலில் தூர் வாரினதாக ஒருத்தன் பில் போடுகிறான். தூர் அங்கேயே கிடக்கிறது. அவன் எழுதுகிறது பொய்க்கணக்கு. நான் எழுதுகிறதும் பொய்க்கணக்கு. என் காசு அவன் கைக்குப் போகாமல் என் கல்லாவிலேயே இருந்தால் அதிலே என்ன சார் பாவம்?"

இந்தக் கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. அவர் சொல்கிறபடி தூர் வாராத வாய்க்கால்கள் இருக்கத்தான் இருக்கின்றன. அநியாயமான வரியைக் கொடுக்க மறுப்பதும் மனிதனுக்கு உரிமைதான். அந்த உரிமையை இந்தச் சீமை மண்ணிலேயே நடந்து காட்டியிருக்கிறார்கள். 1930-ஆம் வருஷம் ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டார். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று நடந்து வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிறவர்களையும் இடம் கொடுக்கிறவர்களையும் தண்டிப்போம் என்று தஞ்சாவூர்க் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். ஜனங்கள் சோறு போடத்தான் செய்தார்கள். ஏப்ரல் 30-ஆம் தேதி உப்பை அள்ளினார்கள். ராஜாஜி கைதாகிச் சிறைக்குப் போனார். உப்பு வரி ஒழிய 1947 ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் இருட்டில் போய் உப்பை அள்ளி மடியில் கட்டிக்கொண்டு வரவில்லை. இன்ன தேதியில் இன்ன இடத்தில் சட்டத்தை மீறப் போகிறோம் என்று ஊரறியச் சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குரிய தண்டனையையும் வாங்கிக்கொண்டார்கள். என் நண்பரும் அப்படிச் செய்யட்டும். "தூர் வாராத சர்க்காருக்கு இந்த வருஷம் வரி கட்டப் போவதில்லை" என்று கடை வாசலில் போர்டு எழுதித் தொங்கவிடட்டும். நானே போய் மாலை போடுகிறேன். ஆனால் அவர் செய்வது அதுவல்லவே! வரி கட்டிவிட்டதாகத்தான் அவரும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

சட்டத்துக்கு உட்பட்டே வரியைக் குறைத்துக்கொள்கிறவர்கள் வேறு ஒரு ரகம். 2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசிக்கு 25 கிலோ வரையில் 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. என்று ஆயிற்று. உடனே கடைகளுக்கு 26 கிலோ மூட்டை வந்து சேர்ந்தது! ஒரு கிலோ கூடினதும் வரி பறந்துவிட்டது. இதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். 26 என்று மூட்டையின் மேலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. மூட்டையாக வாங்க வசதியுள்ள வீட்டுக்கு வரி இல்லை. ஐந்து கிலோப் பையாக வாங்குகிற வீட்டுக்கு வரி உண்டு என்கிற விபரீதத்துக்குச் சட்டம் எழுதினவர்கள்தாம் பதில் சொல்ல வேண்டும். வியாபாரி சாமர்த்தியம் செய்தார், ஒளித்துச் செய்யவில்லை.

மூன்றாவது ரகம்தான் இரண்டாவது நோட்டு. ஒன்று ஆடிட்டருக்குக் காட்டுவது, மற்றொன்று மெத்தைக்கு அடியில் இருப்பது. எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு விசேஷ வசதியும் உண்டு. விவசாய வருமானத்துக்கு மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாது. 1961-ஆம் வருஷச் சட்டத்தில் இருந்த இந்தச் சலுகையை 2025-இல் வந்த புதிய சட்டமும் வைத்துக்கொண்டிருக்கிறது. மழையையும் மேட்டூரையும் நம்பிப் பிழைக்கிறவனுக்குக் காட்டிய கருணை அது. கடைக்காரர் என்ன செய்கிறார்? கடையில் வந்த லாபத்தை நெல்லாக மாற்றி எழுதிவிடுகிறார். ஐந்து மா நிலத்தில் ஐந்து வேலிக்கான மகசூல் கண்டுவிடுகிறது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அரசு அறிவித்தது. டெல்டாவில் பயிர் கருகிக் கிடந்தது. இப்படிப்பட்டவருடைய நோட்டில் மட்டும் அந்த வருஷமும் சம்பா அமோகமாகத்தான் விளைந்திருக்கும். நாளைக்கு யாராவது விவசாயிக்கு எதற்குச் சலுகை என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு வழி செய்தவர் இவர்தான். அடி விழப்போவது நிஜமாகவே ஐந்து மா உழுகிறவன் முதுகில்.

சர்க்கார் ஏமாந்தால் ஏமாந்துவிட்டுப் போகட்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதோடு விஷயம் முடிந்துவிடுகிறதா? அதே தெருவில் ஒழுங்காக வரி கட்டுகிற இன்னொரு கடைக்காரர் இருக்கிறார். இவர் மிச்சம் பிடித்த வரியில் விலையைக் குறைத்து விற்கிறார். அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. யோக்கியன் கடையை மூடுகிறான். இவரோ பாங்கியில் கடன் கேட்கப் போகிறார். அங்கே மானேஜர் பார்ப்பது முதல் நோட்டைத்தான். அதில் இவரே தம்மை ஏழை என்று எழுதி வைத்திருக்கிறார். ஏழைக்கு யார் கடன் கொடுப்பார்கள்?

இதையெல்லாம்விட எனக்கு மனசை உறுத்துவது அந்தக் கடையில் கணக்கு எழுதுகிற பையன். பத்தொன்பது இருபது வயசு இருக்கும். பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லாதே என்று படித்துவிட்டு வந்தவன். முதலாளி முதல் மாசத்திலேயே இரண்டு நோட்டையும் அவன் முன்னால் வைத்து, "இதிலே நிஜம், அதிலே அது" என்று சொல்லிக் கொடுக்கிறார். அவனும் கற்றுக்கொள்கிறான். நாலு வருஷம் கழித்து அவன் மூன்றாவதாக ஒரு நோட்டுப் போட்டு முதலாளியின் பணத்தில் கை வைக்கும்போது, "உப்பிட்டவனுக்குத் துரோகம் செய்துவிட்டானே!" என்று இவர் தலையில் அடித்துக்கொள்கிறார். போலீசுக்கும் போக முடியாது. போனால் மெத்தைக்கு அடியில் இருப்பதும் வெளியே வரும். அந்தப் பையனுக்கு வித்தை சொல்லிக் கொடுத்த குரு யார் என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

தொண்டை நாட்டு உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 921-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் மறுபடியும் குடவோலைக்கு நிற்க முடியாது என்று அதில் விதித்திருக்கிறார்கள். அவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவினர்களும் நிற்கக் கூடாதாம். இந்தக் காலத்து நியாயத்துக்கு இது கடுமைதான். ஒருவன் செய்ததற்கு இன்னொருவனைத் தள்ளிவைப்பது சரியில்லை. ஆனாலும், கணக்கில் உள்ள கோணல் ஒரு ஆளோடு நிற்காது, வீட்டுக்குள்ளும் புகுந்துவிடும் என்று அந்தச் சபையார் பயந்திருக்க வேண்டும். பையனின் கதையைப் பார்த்தால் அந்தப் பயம் வீண் என்று தோன்றவில்லை.

வரிக்காகத்தான் கணக்கு என்று நினைப்பதில்தான் எல்லாத் தொல்லையும் ஆரம்பிக்கிறது. சட்டமே சிறு வியாபாரியைக் கணக்கிலிருந்து விடுவித்திருக்கும் இடம் ஒன்று உண்டு. வருஷ விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருந்தால், அதில் 8 சதவிகிதத்தை லாபமாக வைத்து வருமான வரி கட்டிவிடலாம். பாங்கி வழியாக வந்த வரவுக்கு 6 சதவிகிதம். ரொக்க வரவு மொத்தத்தில் 5 சதவிகிதத்தைத் தாண்டாதவருக்கு வரம்பு 3 கோடி. இப்படிக் கட்டுகிறவர் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லை. நிஜ லாபம் கூடுதலாக இருந்தால் கூடுதலாகவே சொல்லலாம் என்பதற்கும் இடம் இருக்கிறது. அந்த வரியைப் படிக்கும்போது மட்டும் பல பேருக்குக் கண்ணாடி கிடைப்பதில்லை!

சரி, சட்டம் கேட்கவில்லை என்பதற்காக நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாமா? போட்டவர்கள் கதி எனக்குத் தெரியும். பெண் கல்யாணத்துக்குக் கல்லாவிலிருந்து எடுத்தது எவ்வளவு, கொள்முதலுக்குப் போனது எவ்வளவு என்று தெரியாமல், நல்ல வியாபாரம் நடக்கிற கடையிலேயே உட்கார்ந்துகொண்டு கடனாளி ஆனார்கள். ஆகவே வீட்டுப் பணம் வேறு, கடைப் பணம் வேறு என்று இருக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்தால் அதையும் எழுத வேண்டும். ராத்திரி கடை கட்டுமுன் கல்லாவில் இருக்கிற ரொக்கமும் நாள்வழியில் இருக்கிற இருப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் ஒத்துப்போனதாக எழுதக் கூடாது. துண்டு விழுந்ததையே எழுத வேண்டும். கடன் கொடுத்தால் பேர்வழியின் பெயரில் பேரேட்டில் ஏற வேண்டும். கொள்முதல் பில் ஒன்றுகூடத் தவறக் கூடாது. வருஷ முடிவில் சரக்கு இருப்பை எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. வாங்க வருகிறவரிடம் ஜி.எஸ்.டி. என்று சொல்லி வாங்கின பணம் கடைக்காரருடையது அல்ல. அது ஒருவர் இன்னொருவரிடம் சேர்ப்பிக்கச் சொல்லிக் கொடுத்த நகை மாதிரி. அதை வியாபாரத்தில் புரட்டுவதும், கட்டாமல் விடுவதும் நம் பாட்டிமார்களுடைய சாஸ்திரத்தின்படியே திருட்டுத்தான். விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருந்து, ஒரு சதவிகிதம் கட்டும் இணக்க வரி முறையில் சேர்ந்த வியாபாரி, பில்லில் வரி என்று தனியாகப் போட்டு வாங்கவே கூடாது. வாங்கினால் அது வரியே அல்ல. இங்கே ஏமாறுவது முகமில்லாத சர்க்கார் இல்லை. எதிரே பையோடு நிற்கிற மனுஷி.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்கு யார் யாரோ போகிறார்கள். விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். அதன் கீழே கல்லில் வெட்டியிருக்கிற கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ராஜராஜன் கொடுத்தது, அவன் தமக்கை கொடுத்தது, தேவிமார் கொடுத்தது எல்லாம் நிறையோடும் விலையோடும் இருக்கின்றன. நிறுத்த கல்லுக்குப் பெயர், அளந்த மரக்காலுக்குப் பெயர், காசுக்கு அரைக்கால் வட்டி என்ற கணக்குக்கூட இருக்கிறது. அதிலும் நகைகளில் பதித்த மணிகளைப் பற்றி எழுதியிருப்பதுதான் ஆச்சரியம். இன்ன மணிகள் நல்லவை. இன்னவற்றில் குற்றம் உண்டு, துளை உண்டு, வெள்ளைப் புள்ளி உண்டு என்று பழுதையும் சேர்த்தே வெட்டியிருக்கிறார்கள். கொடுத்தவன் சக்கரவர்த்தி, வாங்கியவர் சுவாமி. நடுவில் யார் வந்து கேட்கப் போகிறார்கள்? எல்லாம் முதல் தரம் என்று வெட்டியிருந்தால் ஆயிரம் வருஷத்துக்கும் அரசனுக்குப் பெருமையாகவே இருந்திருக்கும்.

மளிகைக் கடை நோட்டைக் கல்லில் வெட்ட வேண்டாம். லாபத்தை லாபம் என்றும் துண்டு விழுந்ததைத் துண்டு என்றும் எழுதி, அந்த நோட்டை நம் வீட்டுப் பிள்ளையிடம் கொடுத்து, "இதைப் பார்த்துத் தொழில் கற்றுக்கொள்ளப்பா" என்று சொல்ல முடியுமா என்று பார்த்துக்கொண்டால் போதும். சொல்ல முடிந்தால் கடைக்கு ஒரு நோட்டே தாராளம்.