இளைத்த தேகமும் நிலைத்த விரதமும்

பெல்மதுளையின் கல்பொத்தாவல விகாரையிலிருந்து உந்துவப் பௌர்ணமியையொட்டிச் சிவனொளிபாத மலைக்கு எழுந்தருளும் சமன் தெய்வத்தின் திருவுருவம், வெசாக் கழிந்ததும் அவ்விடத்திற்கே திரும்புவதை ஆண்டுதோறும் காணும் நமக்கு, 2,243 மீற்றர் உயர்ந்த அச்சிகரமும் நிரந்தர வாசஸ்தலமன்று என்பது தெரிந்ததே. தேகத்தின் பாரத்தைக் குறைத்தவர் நிலையும் இதுவே. இளைத்த உடல் தன் சக்திச் செலவைச் சுருக்கிக்கொண்டு பசியை மிகுவிப்பதனால், இழந்த எடை மீள்வது பிரகிருதியின் இயல்பேயன்றி ஆத்மாவின் குற்றமன்று. அதனைப் பாவமெனக் கருதி உடலை வெறுப்பது அதைவிடப் பெரும் பிழை. உடம்பை இழுக்கென முன்னர் எண்ணியிருந்த திருமூலர், அதனுள்ளே உத்தமன் கோயில் கொண்டதைக் கண்டபின் அதனைப் பேணலானார் அல்லவா? பேணுதலே விரதம், அதற்கு முடிவுநாள் இல்லை. ஆதலின், தராசின் எண்ணை விட்டு, தேநீரில் சீனியைக் குறைத்தல், மூச்சிரைக்காமல் படியேறுதல் என்று புதிய சங்கற்பங்களை மேற்கொள்வதே விவேகம். வரும் பருவத்தில் பலாபத்தல வழியாக மலையேற விரும்பும் அன்பர்களே, இன்று மாலையே தேயிலை மலைப்பாதையில் சற்று நடந்து வாருங்கள்.