அன்றாட ஜெபமும் நிலைத்த நிறைவும்

கேள்வி: விரும்பியதெல்லாம் கிடைத்த பிறகும் மனம் நிறைவதில்லை. இதற்குக் கிறிஸ்தவம் சொல்லும் காரணம் என்ன?

இந்தக் கேள்வியைக் கிறிஸ்தவ மரபில் மிக ஆழமாக ஆராய்ந்தவர் புனித அகுஸ்தினார் (354–430). வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே என்ற சிற்றூரில் பிறந்த அவர், 384இல் மிலான் நகரில் சொற்கலைப் பேராசிரியர் ஆனார். அரசவை வரை செல்வாக்குள்ள பதவி அது. ஒருநாள் பேரரசரைப் புகழ்ந்து உரையாற்ற வேண்டியிருந்தது. அந்தப் பதற்றத்தோடு தெருவில் போகும்போது, குடித்துவிட்டுக் கும்மாளமாகச் சிரித்துக்கொண்டிருந்த பிச்சைக்காரன் ஒருவன் கண்ணில் பட்டான். ‘அறிக்கைகள்’ என்ற தம் நூலின் ஆறாம் பகுதியில் அகுஸ்தினார் இதை எழுதியிருக்கிறார். பிச்சையெடுத்த சில காசுகளில் அவனுக்குக் கிடைத்துவிட்ட களிப்பு, ஆண்டுக்கணக்கில் பாடுபட்ட தமக்குக் கிடைக்கவில்லையே என்று அவர் நொந்துபோனார். அவனுடைய போதையாவது இரவு தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். புகழ்போதை தூங்கி எழுந்தாலும் தெளிவதில்லை என்பதும் அவருக்குப் புரிந்தது.

இதிலிருந்து அவர் வந்த முடிவு, பிற்காலக் கிறிஸ்தவச் சிந்தனைக்கெல்லாம் அடிப்படையானது. பதவி, நட்பு, குடும்பம் எதுவும் கெட்டதல்ல. எல்லாம் கடவுள் படைத்த நன்மைகளே. ஆனால் மனித உள்ளம் கடவுளுக்காகவே படைக்கப்பட்டது. படைத்தவர் மட்டுமே தரக்கூடிய நிறைவைப் படைப்புகளிடம் எதிர்பார்க்கும்போது ஏமாற்றம்தான் மிஞ்சுகிறது. யோவான் நற்செய்தி நான்காம் அதிகாரத்தில், கிணற்றடியில் சமாரியப் பெண்ணிடம் இயேசு பேசுவதும் இதைப் பற்றியே. கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பவருக்கு மறுபடியும் தாகம் எடுக்கும். தாம் தருவது உள்ளேயிருந்து ஊறும் ஊற்று என்கிறார் அவர்.

கேள்வி: ஒருமுறை இயேசுவை ஏற்று ஞானஸ்நானம் பெற்றால் போதாதா? நாள்தோறும் ஜெபமும் வேத வாசிப்பும் எதற்கு?

மீட்பு கடவுளின் இலவசக் கொடை. அன்றாட ஜெபம் அதற்குச் செலுத்தும் விலை அல்ல என்பதில் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் ஒத்துப்போகிறார்கள். ஆயினும் ஏற்பட்ட உறவில் வாழ்வது அன்றன்றைக்குரிய காரியம் என்று பைபிள் பல இடங்களில் காட்டுகிறது.

யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் இஸ்ரயேலருக்குப் பாலைவனத்தில் மன்னா என்ற உணவு கிடைக்கிறது. காலையில் அந்தந்த நாளுக்கு வேண்டியதை மட்டும் சேர்க்க வேண்டும். பேராசைப்பட்டு மறுநாளைக்கு எடுத்து வைத்தவர்களின் மன்னா புழுத்து நாறியது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டும் இதற்கு விலக்கு. அன்று சேர்த்த இரண்டு மடங்கும் கெடவில்லை. இயேசு கற்பித்த ஜெபத்திலும் அப்பம் அந்தந்த நாளுக்கே கேட்கப்படுகிறது. சிலுவையை நாள்தோறும் சுமக்கச் சொல்லும் லூக்கா 9:23இலும் இதே போக்கைக் காணலாம்.

யோவான் 15ஆம் அதிகாரம் இதன் காரணத்தைச் சொல்கிறது. திராட்சைச் செடியில் கொடி ஒட்டியிருக்கும்வரைதான் கனி தரும். நேற்று ஒட்டியிருந்தது என்பதற்காக இன்று வெட்டிப் போட்ட கொடியில் சாறு ஓடாது. கிறிஸ்தவம் சொல்லும் நிறைவும் இப்படிப்பட்டதே: சேமித்து வைக்க முடியாதது, உறவில் இருக்கும்போது மட்டும் வந்துகொண்டிருப்பது.

கேள்வி: எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் ஜெபிக்க வேண்டும்?

பைபிளில் இதற்கு ஒரே விதி இல்லை. தானியேல் நாளுக்கு மூன்று வேளை எருசலேமை நோக்கி முழந்தாளிட்டார். இயேசு விடியுமுன் எழுந்து தனியிடத்துக்குப் போய் ஜெபித்ததை மாற்கு 1:35 சொல்கிறது. திருச்சபையின் தொடக்க காலத்தைச் சேர்ந்த ‘திதாகே’ என்ற கையேடு, இயேசு கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி பணிக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவிகளுக்கு வகுத்த ஒழுங்கில் பகலில் ஏழு வேளையும் இரவில் ஒரு வேளையும் பொது ஜெபத்துக்கு ஒதுக்கினார். அதே பெனடிக்ட், ஜெபம் சுருக்கமாகவும் தூய உள்ளத்தோடும் இருக்க வேண்டும் என்றும் எழுதினார். நீளத்தைவிட உள்ளம் முக்கியம் என்பதே அதன் கருத்து.

தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் அதிகாலைத் தனி ஜெபமும் இரவு உணவை ஒட்டிய குடும்ப ஜெபமும் வழக்கில் உள்ளன. கத்தோலிக்க வீடுகளில் மாலையில் ஜெபமாலை சொல்வதுண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு ஆன்மிக வழிகாட்டிகள் பொதுவாகச் சொல்வது இதுதான்: பத்து நிமிடமானாலும் ஒரே நேரமாக, ஒரே இடமாக இருக்கட்டும். ஆர்வத்தில் முதல் நாள் இரண்டு மணி நேரம் ஜெபித்து, பத்தாம் நாள் கைவிடுவதைவிட அது மேல்.

கேள்வி: பைபிளை நாள்தோறும் எப்படி வாசிப்பது? ஓர் ஆண்டில் முழுவதும் முடிக்க வேண்டுமா?

சீர்திருத்தச் சபைகள் ஏற்கும் 66 நூல்களில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் என்றால் ஓர் ஆண்டில் முடியும். இத்தகைய அட்டவணைகளில் புகழ்பெற்றது, ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் முர்ரே மெக்செய்ன் 1842இல் தம் சபைக்கு வகுத்துத் தந்தது. பழைய ஏற்பாட்டை ஒரு முறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு முறையும் அது முடிக்கும். அதை வெளியிட்டபோதே அதன் ஆபத்துகளையும் அவர் பட்டியலிட்டார். வாசிப்பு வெறும் சடங்காகலாம்; முடித்துவிட்டோம் என்ற இறுமாப்பு வரலாம்; அவசரத்தில் கருத்து நழுவலாம்; சிலருக்கு அது தூக்க முடியாத சுமையாகலாம்.

மெதுவாக வாசிக்கும் வழி இன்னும் பழையது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் கைகோ என்ற துறவி அதை நான்கு படிகளாக விளக்கினார்: வாசிப்பு, தியானம், ஜெபம், மௌனமாய் இறைவனில் இளைப்பாறல். மாற்கு 10:46–52இல் வரும் எரிகோவின் குருடர் பர்த்திமேயுவை எடுத்துக்கொண்டால் முறை தெளிவாகும். முதல் படியில் அந்த ஏழு வசனங்களும் நிதானமாக, வாய்விட்டு வாசிக்கப்படுகின்றன. இரண்டாம் படியில் ஒரு விவரம் மனத்தைப் பிடிக்கிறது. இயேசு அழைத்ததும் அவர் மேலாடையை எறிந்துவிட்டு எழுகிறார். தெருவோரப் பிச்சைக்காரரிடம் அதைவிட்டால் பெரிய சொத்து ஏது? அவரிடம் இயேசு, என்ன வேண்டும் என்று கேட்கிறார். மூன்றாம் படியில் அந்தக் கேள்வி வாசிப்பவரை நோக்கித் திரும்புகிறது. தமக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதை அவர் கடவுளிடம் சொல்கிறார். நான்காம் படியில் பேச்சு ஓய்கிறது. இதற்கு இருபது நிமிடம் போதும்.

கேள்வி: வேலை, சமையல், பிள்ளைகள் என்று ஓடுபவர்களுக்கு இது சாத்தியமா?

பதினேழாம் நூற்றாண்டு பாரிஸில் வாழ்ந்த சகோதரர் லாரன்ஸின் வாழ்க்கை இதற்கு நேரான விடை. லொரேன் பகுதியில் பிறந்து, போர்வீரராகி, காலில் காயம்பட்டவர் அவர். 1640இல் பாரிஸின் கார்மேல் மடத்தில் பொதுநிலைச் சகோதரராகச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்தது சமையலறை வேலை. இயல்பிலேயே அவருக்குப் பிடிக்காத வேலையும் அதுதான். ஆனாலும் பல ஆண்டுகள் அதைச் செய்தார். பின்னாளில் மடத்தாரின் செருப்புகளைச் செப்பனிட்டார்.

அவருடைய வழி எளியது. வேலையைத் தொடங்கும்போது ஒரு வார்த்தை கடவுளிடம் பேசுவார். வேலைக்கு நடுவே அவரை நினைப்பார். முடிந்ததும் நன்றாகச் செய்திருந்தால் நன்றி, இல்லையென்றால் மன்னிப்பு. அதற்குமேல் அதை நினைத்துக் கலங்குவதில்லை. சட்டியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதைக்கூடக் கடவுள்மேல் உள்ள அன்புக்காகச் செய்ததாக அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. பாத்திரங்களின் சத்தத்துக்கு நடுவிலும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும்போதும் அவருக்குக் கடவுள் ஒரே அளவு அருகில் இருந்தார். 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் நூலாயின. இந்தப் பழக்கம் எளிதாகக் கைவந்ததாக அவர் சொல்லவில்லை. முதல் பத்தாண்டுகள் மிகுந்த மனவேதனையில் கழிந்தன என்றே ஒத்துக்கொண்டார்.

கேள்வி: நாள் முடியும்போது என்ன செய்ய வேண்டும்?

லொயோலா இஞ்ஞாசியார் 1548இல் வெளியிட்ட ‘ஆன்மிகப் பயிற்சிகள்’ நூலில் ஆன்ம சோதனைக்கு ஐந்து படிகள் தருகிறார். முதலில் பெற்ற நன்மைகளுக்கு நன்றி. அடுத்து, குறைகளை அறிந்து விலக்க அருள் கேட்டல். மூன்றாவதாக, காலை முதல் மணிக்கு மணி எண்ணம், சொல், செயல் ஆகியவற்றைத் திரும்பிப் பார்த்தல். பிறகு மன்னிப்புக் கேட்டல். கடைசியாக, அருளின் துணையோடு திருந்தத் தீர்மானித்தல். குற்றப் பட்டியலில் தொடங்காமல் நன்றியில் தொடங்குவதால், ஆன்ம சோதனை தன்னையே நொந்துகொள்ளும் பழக்கமாக மாறாமல் காக்கப்படுகிறது.

கேள்வி: தவறாமல் ஜெபித்தும் எதையுமே உணர முடியவில்லை என்றால் கடவுள் கைவிட்டுவிட்டாரா?

கைவிட்டுவிட்டார் என்று கிறிஸ்தவ மரபு கருதுவதில்லை. பைபிளின் ஜெப நூலான சங்கீதங்களிலேயே 88ஆம் சங்கீதம் ஆறுதல் வரி ஏதுமின்றி இருளில் முடிகிறது. அப்படிப்பட்ட புலம்பலும் ஜெபமே என்பதற்கு அது சான்று.

பதினாறாம் நூற்றாண்டு ஸ்பெயினில் வாழ்ந்த சிலுவையின் புனித யோவான், தம் சபைத் துறவிகளாலேயே தொலேதோவில் ஏறக்குறைய ஒன்பது மாதம் சிறை வைக்கப்பட்டவர். இந்த வறட்சியை அவர் ஆன்மாவின் இருண்ட இரவு என்று பெயரிட்டு விளக்கினார். தொடக்கத்தில் ஜெபத்தில் கிடைக்கும் இன்பத்திலேயே ஆன்மா தங்கிவிடாமல், தம்மையே நாடும்படி கடவுள் அந்த இன்பத்தை விலக்குகிறார் என்பது யோவானின் கருத்து. சோம்பலால் வரும் வறட்சியிலிருந்து இதை அறிய அடையாளங்களும் தந்தார். இந்த இருளில் இருப்பவருக்கு உலக இன்பங்களிலும் நாட்டம் இராது. கடவுளை விட்டு விலகிவிட்டோமோ என்ற கவலையும் ஓயாது. அன்னை தெரசாவின் உள்ளத்தில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் இத்தகைய இருள் நிலவியது 2007இல் வெளியான அவருடைய கடிதங்களால் தெரியவந்தது. அத்தனை ஆண்டும் அவர் ஜெபத்தையோ ஏழைகளுக்கான பணியையோ விடவில்லை.

எனினும், தூக்கமின்மை, பசியின்மை, வாழவே பிடிக்காத எண்ணம் ஆகியவை தொடர்ந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு ஆகாது.

கேள்வி: அப்படியானால், நிறைவு வந்திருக்கிறது என்பதை எதை வைத்து அறிவது?

உணர்ச்சியைவிடக் கனியை வைத்து அறிய வேண்டும். கலாத்தியர் 5:22–23இல் பவுல் சொல்லும் ஆவியின் கனிகள் அன்பு, மகிழ்ச்சி, சமாதானம், பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம் என ஒன்பது. இவற்றில் பெரும்பாலானவை பிறரோடு பழகும்போதுதான் வெளிப்படும். அதனால்தான் காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனோடு மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், முதலில் போய் ஒப்புரவாகும்படி மத்தேயு 5:23–24இல் இயேசு சொல்கிறார். காலை ஜெபம் தவறாதவர் வீட்டாரிடம் எரிந்து விழுவாரானால், அந்த ஜெபம் இன்னும் வேர்விட வேண்டியிருக்கிறது.

இரண்டாம் அடையாளம், சூழ்நிலை மாறினாலும் குலையாத மனநிலை. பிலிப்பியருக்குக் கடிதம் எழுதியபோது பவுல் விலங்கிடப்பட்ட கைதி. நிறைவிலும் குறைவிலும் மனநிறைவோடு இருக்கக் கற்றுக்கொண்டதாக நான்காம் அதிகாரத்தில் அவர் எழுதுகிறார். பிறவியிலேயே வந்ததாகவோ ஒரே நாளில் கிடைத்ததாகவோ அவர் சொல்லவில்லை, கற்றதாகவே சொல்கிறார். முழு நிறைவு மறுமையில் கடவுளை முகமுகமாய்க் காணும்போதுதான் என்பது கிறிஸ்தவ நம்பிக்கை. இம்மையில் கிடைப்பது அதன் முன்சுவை. அன்றாட ஜெபம், வேத வாசிப்பு, ஆன்ம சோதனை, அயலார்மீது அன்பு ஆகிய நான்கும் அந்த முன்சுவையைப் பெற மனிதர் செய்யக்கூடியவை. மற்றது கடவுளின் அருள்.