யஃகூப் நபியின் கண்ணீர்

திருக்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் நபிமார்கள் 25 பேர். இன்னும் பலர் அனுப்பப்பட்டார்கள், அவர்களில் சிலருடைய வரலாறே எடுத்துரைக்கப்பட்டது என்றும் குர்ஆன் சொல்கிறது. சொல்லப்பட்டவையும் பெரும்பாலும் துண்டு துண்டாகவே வருகின்றன. மூசா நபியின் வரலாறு பல அத்தியாயங்களில் பரவிக் கிடக்கிறது; அய்யூப் நபிக்கு ஒரு சில வசனங்கள்தான். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அத்தியாயத்தில் சொல்லப்பட்ட நீண்ட வரலாறு யூசுஃப் நபியுடையது. 12-ஆம் அத்தியாயம், 111 வசனங்கள். மக்காவில் அருளப்பட்ட அத்தியாயம் இது. மனைவி கதீஜாவையும் பெரியதந்தை அபூதாலிபையும் நபிகள் நாயகம் அடுத்தடுத்து இழந்த 619-ஆம் ஆண்டை ஒட்டி இது வந்தது என்பது மரபான கருத்து. கிணற்றில் போடப்பட்ட சிறுவன் எகிப்தின் களஞ்சியங்களுக்கே பொறுப்பாளராகும் கதையாகத்தான் பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் மகனை இழந்துவிட்டு வீட்டில் காத்திருக்கும் தகப்பன் ஒருவரின் கதையும் இதற்குள் ஓடுகிறது. பொறுமையாக இருப்பவர் அழலாமா என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கிறது.

அந்தக் கேள்வி ஏட்டளவில் எழுவதல்ல. தமிழ் முஸ்லிம் வீடுகளில் மரணம் நேர்ந்தால், வருகிறவர்கள் எல்லாரும் “ஸபூர் செய்யுங்க” (பொறுமையாக இருங்கள்) என்று சொல்லி ஆறுதல் தருவார்கள். சொல்பவர் அன்போடுதான் சொல்கிறார். கேட்பவருக்கோ சில வேளை அது ‘அழாதே’ என்ற கட்டளையாகப் படுகிறது. அழுதால் ஈமான் (இறைநம்பிக்கை) குறைந்துவிடுமோ, இறைவனின் தீர்ப்பை ஏற்க மறுப்பதாகிவிடுமோ என்ற குற்ற உணர்வும் துயரத்தோடு சேர்ந்துகொள்கிறது. இது வேண்டாத சுமை. நபிமார்களின் வரலாறு இப்படி ஒரு சுமையை யார் தலையிலும் ஏற்றவில்லை.

யூசுஃபை விளையாட அழைத்துப் போகிறோம் என்று அண்ணன்மார் கேட்டபோதே, ஓநாய் தின்றுவிடுமோ என்ற அச்சத்தைத் தந்தை யஃகூப் நபி வாய்விட்டுச் சொல்லிவிட்டார். யூசுஃபைக் கிணற்றில் போட்டுவிட்டு, இருட்டிய பிறகு அவர்கள் அந்த ஓநாயையே சாக்காகச் சொல்லிக்கொண்டு திரும்பி வந்தார்கள். அழுதுகொண்டே வந்தார்கள் என்கிறது குர்ஆன். இந்த அத்தியாயத்தில் முதலில் வரும் கண்ணீர் பொய்க் கண்ணீர் என்பது கவனிக்க வேண்டியது. கையில் இரத்தம் பூசிய சட்டை. பிள்ளையைத் தின்ற ஓநாய் சட்டையை மட்டும் கிழிக்காமல் விட்டதா என்று தகப்பனார் கேட்டதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள். குர்ஆனில் அந்த விவரம் இல்லை, இரத்தம் பொய்யானது என்பது மட்டும் உண்டு. யஃகூப் நபி மகன்களின் பேச்சை நம்பவில்லை. இது உங்கள் மனம் கட்டிய கதை என்று முகத்துக்கு நேரே சொன்னார். அதன் பிறகுதான், இனித் தமக்கு அழகிய பொறுமையே வழி என்றும், இறைவனிடமே உதவி தேடுவதாகவும் சொன்னார். பொறுமை கொள்கிறவர் பொய்யை மெய்யென்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லை என்பது இங்கேயே தெளிவாகிவிடுகிறது.

ஆண்டுகள் ஓடின. பஞ்சத்தில் தானியம் வாங்க எகிப்துக்குப் போன மகன்கள் யூசுஃபின் தம்பியையும் அங்கே விட்டுவிட்டுத் திரும்பினார்கள். மன்னரின் அளவைக் குவளை அவருடைய மூட்டையில் இருந்தது, திருட்டுக்காகப் பிடித்து வைத்துக்கொண்டார்கள் என்றார்கள். யஃகூப் நபி பழைய பதிலையே திரும்பச் சொன்னார், அதே அழகிய பொறுமை. அடுத்த வசனத்திலேயே அவர்களைவிட்டு விலகி, யூசுஃபை நினைத்துப் புலம்புகிறார். துயரத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப்போகின்றன. அப்போது பிரிந்தது இளைய மகன். வாயில் வந்ததோ யூசுஃபின் பெயர். அத்தனை ஆண்டுப் பொறுமையிலும் அந்தத் துயரம் கரைந்திருக்கவில்லை. பொறுமையைச் சொல்லும் வசனமும் பார்வை போகும் அளவுக்கு அழுததைச் சொல்லும் வசனமும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று மற்றொன்றை மறுக்கவில்லை.

மகன்களுக்கு இது பிடிக்கவில்லை. யூசுஃபையே நினைத்துக்கொண்டிருந்து உடம்பு நொந்து செத்துப்போவீர்கள் என்று கடிந்துகொண்டார்கள். துக்கம் நீண்டுபோனால் சுற்றியிருப்பவர்கள் பொறுமை இழப்பது எந்த வீட்டிலும் நடப்பதுதான். தம் துயரத்தையும் கவலையையும் தாம் முறையிடுவது அல்லாஹ்விடம் மட்டுமே என்று யஃகூப் நபி பதில் சொன்னார். இந்த வரலாற்றின் அச்சு இந்தப் பதில்தான். அழகிய பொறுமை என்றால் மனிதரிடம் இறைவனைக் குறைகூறாத பொறுமை என்று பிற்கால அறிஞர்கள் விளக்கியது இதை வைத்துத்தான். முறையீடு உண்டு, அது போய்ச் சேரும் இடம்தான் வேறு. பேச்சும் அதோடு முடியவில்லை. போங்கள், யூசுஃபையும் அவன் தம்பியையும் தேடுங்கள், இறைவனின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று அதே மூச்சில் மகன்களைக் கிளப்பி அனுப்புகிறார். பார்வை போன முதியவர்தான் அந்த வீட்டில் மற்றவர்களை வேலைக்கு அனுப்புகிறார்.

பிறகு நடந்தவை தெரிந்தவைதான். யூசுஃப் நபி தம் சட்டையைக் கொடுத்தனுப்புகிறார். ஒட்டக வரிசை எகிப்திலிருந்து புறப்பட்டதுமே, யூசுஃபின் வாடை வருகிறது என்கிறார் தகப்பனார்; பக்கத்தில் இருந்தவர்கள் பழைய பிதற்றல் என்று தள்ளிவிடுகிறார்கள். சட்டை முகத்தில் பட்டதும் பார்வை திரும்புகிறது. மன்னிப்புக் காட்சியில் ஒரு நுட்பம் உண்டு. இன்று உங்கள் மீது பழி எதுவும் இல்லை என்று யூசுஃப் நபி அண்ணன்மாரை உடனே மன்னித்துவிட்டார். தகப்பனாரோ, உங்களுக்காக இறைவனிடம் பிழைபொறுக்கக் கேட்பேன் என்று அதைப் பின்னொரு வேளைக்கு வைத்தார். இறைஞ்சுதல் ஏற்கப்படும் பின்னிரவு நேரத்துக்காகத் தள்ளிவைத்தார் என்பது விரிவுரையாளர்கள் பலரின் விளக்கம். மகனைப் பறிகொடுத்து அழுதவருக்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டியிருந்தது என்று கொண்டாலும் அந்த வசனத்துக்குப் பொருந்தாமல் போகாது.

இந்த வரலாறு மதீனாவில் ஒரு வீட்டுக்குள் எப்படி உதவியது என்பது புகாரியின் ஹதீஸ் (நபிமொழி) தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. நபிகள் நாயகத்தின் மனைவி ஆயிஷா மீது சிலர் அவதூறு கிளப்பினார்கள். ஆயிஷா அப்போது இளவயதினர். அழுது அழுது ஈரலே பிளந்துவிடும் என்று தோன்றியதாக அவரே பின்னாளில் விவரித்தார். மறுத்தால் நம்பமாட்டீர்கள், செய்யாததை ஒப்புக்கொண்டால் நம்பிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு, யூசுஃபின் தந்தை சொன்ன பதிலைத் தவிரத் தமக்கு வேறு வழி தெரியவில்லை என்றார். யஃகூப் என்ற பெயரை நினைவுபடுத்த முயன்றும் அந்த நேரம் வரவில்லை, அதனால் ‘யூசுஃபின் தந்தை’ என்றே சொன்னதாக ஓர் அறிவிப்பு இருக்கிறது. பெயரை மறக்கும் அளவு கலங்கியிருந்தவர், அழகிய பொறுமை என்ற சொல்லை மறக்கவில்லை. பிறகு அவர் குற்றமற்றவர் என்று அறிவிக்கும் வசனங்கள் அருளப்பட்டன.

பொறுமை என்றதும் எல்லாரும் சொல்லும் பெயர் அய்யூப் நபி. குர்ஆன் அவரைப் பற்றிச் சொல்வது கொஞ்சம்தான். துன்பம் தம்மைத் தீண்டிவிட்டது என்று இறைவனை அழைத்தார். காலால் தரையைத் தட்டச் சொல்லி, குளிக்கவும் குடிக்கவும் குளிர்ந்த நீர் தரப்பட்டது. குடும்பம் திரும்பக் கிடைத்தது. கதை சொல்லிகளுக்கு இது போதவில்லை. உடம்பில் புழு நெளிந்ததென்றும், கீழே விழுந்த புழுவை அவரே எடுத்துப் புண்ணில் விட்டுக்கொண்டார் என்றும் வளர்த்தார்கள். நபிமார்களுக்குத் தகாத கட்டுக்கதை என்று அறிஞர்கள் பலர் இதை ஒதுக்கினார்கள். ஒதுக்கியது நல்லதே. வலியை விரும்பித் தேடுவதே பொறுமை என்று ஆக்கிவிடும் கதை அது. குர்ஆனில் அய்யூப் நபி வாய்திறந்து முறையிடுகிறார். அவ்வாறு முறையிட்டவரைத்தான், 38-ஆம் அத்தியாயத்தில், பொறுமையாளராகக் கண்டோம் என்று இறைவன் பாராட்டுகிறான்.

பொறுமை தவறிய இடத்தையும் குர்ஆன் மறைக்கவில்லை. யூனுஸ் நபி தம் மக்கள் மீது கோபித்துக்கொண்டு, இறைவனின் உத்தரவு வருமுன்னே ஊரைவிட்டுப் போய்விட்டார். மீன் விழுங்கிய அந்த மனிதரைப் போல ஆகிவிடாதீர் என்று நபிகள் நாயகத்துக்கே அறிவுரை வந்தது. இங்கே குறை சொல்லப்பட்டது பொறுப்பை விட்டுப் போனதுதான். அவர் கண்ணீர்விட்டதாக ஒரு வார்த்தையும் இல்லை. மீனின் வயிற்றிருளில் அவர் தம் பிழையைச் சொல்லி இறைஞ்சியதும் மீட்கப்பட்டார்; ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்ட அவருடைய மக்களும் நம்பிக்கை கொண்டார்கள். யூனுஸைவிடத் தாம் சிறந்தவர் என்று யாரும் சொல்லக்கூடாது என நபிகள் நாயகம் தடுத்ததும் ஹதீஸில் உண்டு.

நபிகள் நாயகமும் அழுதவர்தான். அவருடைய மகன் இப்ராஹீம் பால் குடிக்கும் வயதில் ஒரு கொல்லர் வீட்டில் வளர்ந்தார்; கொல்லரின் மனைவி செவிலித்தாய். நாயகம் போகும் நேரத்தில் உலைப் புகை வீட்டை நிறைத்திருக்கும். பணியாளரான அனஸ் முன்னால் ஓடிப்போய், நாயகம் வருகிறார், ஊதுவதை நிறுத்துங்கள் என்று சொன்னதாக அவரே அறிவிக்கிறார். நாயகம் குழந்தையை வாங்கி முத்தமிடுவார், முகர்ந்து பார்ப்பார். 632-இல் குழந்தை உயிர்விடும் நேரத்தில் அவர் கண்கள் பெருகின. நீங்களுமா என்று தோழர் ஒருவர் வியந்து கேட்டார். இது இரக்கம் என்று பதில் வந்தது. கண் அழுகிறது, உள்ளம் வருந்துகிறது, நாவு மட்டும் இறைவனுக்குப் பிடிக்காததைச் சொல்லாது என்ற கருத்தில் தொடர்ந்து பேசினார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்துக்காகத்தான் என்று ஊர் பேசியதை, யாருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்தார். மகனை அடக்கம் செய்த நாளிலும் ஒரு தவறான நம்பிக்கை வளர அவர் இடம் கொடுக்கவில்லை.

எல்லைகளும் உண்டு. கன்னத்தில் அறைந்துகொள்வது, சட்டையைக் கிழிப்பது, அறியாமைக் காலத்து ஒப்பாரி ஆகியவற்றை நபிகள் நாயகம் தடுத்தார். கப்றடியில் (கல்லறையருகே) அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் பொறுமை கொள்ளச் சொன்னபோது, எனக்கு வந்தது உமக்கு வரவில்லை, போம் என்று, ஆளை அறியாமல் அவள் சீறினாள். நாயகம் சினக்கவில்லை, அங்கேயே நின்று உபதேசம் செய்யவும் இல்லை. சொன்னவர் யாரென்று அறிந்து அவளே வீடு தேடி வந்தபோதுதான், துன்பம் முதலில் தாக்கும் வேளையில் காப்பதே பொறுமை என்று சொன்னார். 14-ஆம் நூற்றாண்டு அறிஞர் இப்னுல் கய்யிம் பொறுமைக்கு ஒரு தனி நூலே எழுதி, உள்ளம் இறைவன் மீது வெறுப்படையாமலும் நாவு குறைகூறாமலும் கைகள் தன்னையே வதைக்காமலும் காப்பது என்று அதை வரையறுத்தார். கண்ணீர் இந்த மூன்றிலும் சேரவில்லை.

இஸ்லாமியச் சட்டமும் துக்கத்துக்கு இடம் விட்டிருக்கிறது. உறவினருக்காக மூன்று நாள், கணவனை இழந்தவருக்கு நான்கு மாதம் பத்து நாள். 629-இல் முஃதா போரில் நபித்தோழர் ஜஅஃபர் கொல்லப்பட்ட செய்தி வந்ததும், அந்த வீட்டாருக்கு உணவு சமைத்துக் கொடுங்கள், அவர்களை வேறொன்று ஆட்கொண்டிருக்கிறது என்றார் நபிகள் நாயகம். துக்க வீட்டில் உலை வைக்க விடாமல் அண்டை வீடுகள் சோறு அனுப்பும் வழக்கத்துக்கு முஸ்லிம்கள் இதையே ஆதாரமாகக் காட்டுகிறார்கள். நினைவுக்கு மட்டும் நாள் கணக்கு இல்லை. கதீஜா மறைந்து ஆண்டுகள் ஆன பின்பும் நாயகம் மதீனாவில் ஆடு அறுத்தால், கதீஜாவின் தோழியருக்கு இறைச்சியில் பங்கு அனுப்புவார். தாம் பார்த்தேயிராத கதீஜா மீது வந்த அளவு பொறாமை நாயகத்தின் மற்ற மனைவியர் எவர் மீதும் தமக்கு வந்ததில்லை என்று இதை அறிவிப்பவர், யூசுஃபின் தந்தையின் பதிலைத் தம் பதிலாகக் கொண்ட அதே ஆயிஷாதான்.