இடைநிற்பதன் மெய்ம்மை

சமயங்கள் எத்தனையோ பொருள்பற்றித் தம்முள் வேறுபட்டாலும், மனிதனுக்கும் அவன் தொழும் பொருளுக்கும் நடுவே ஒன்று நிற்கலாமா, நிற்குமாயின் அது தன்னைக் காட்டுமா, தான் ஏந்தி நிற்பதைக் காட்டுமா என்ற வினாவிலிருந்து எதுவும் தப்பியதில்லை. குரு, பூசாரியார், திருவுருவம், மறைநூல், தெய்வமாடுபவர் என இடைநிற்பவை பலவாக, அவற்றை ஏற்றோருக்கும் மறுத்தோருக்கும் இடையே எழுந்த பூசல்கள் சமய வரலாற்றின் பெரும்பகுதியை நிரப்பியுள்ளன. இந்தப் பழைய வினாவைப் புதிதாகக் கேட்பதற்கு இக்காலத்துக் கருவியொன்று எதிர்பாராத வகையில் உதவுகிறது. ஸ்மார்ட்போனைக் காரின் திரையோடு கம்பியின்றி இணைக்கும் அடப்டரே அது. கடைகளில் டொங்கிள் என்று கேட்டு வாங்கப்படும், உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு பெட்டி.

அதன் செயல்முறையை முதலில் தெளிதல் வேண்டும். போனிலுள்ள வரைபடம், அழைப்பு, பாடல் ஆகியவற்றைக் காரின் திரையில் காட்டும் மென்பொருள்களான அப்பிள் கார்ப்ளே 2014இலும் அன்ட்ரொயிட் ஓட்டோ 2015இலும் பாவனைக்கு வந்தபோது, போனைக் கம்பியால் மாட்டினாலன்றி அவை இயங்கவில்லை. கம்பியின்றி இணையும் வசதி பின்னர் வந்த கார்கள் பலவற்றில் உண்டெனினும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கான தடையை 2025 பெப்ரவரியில்தான் நீக்கிய இலங்கையில், பழைய கார்களையே பேணி ஓட்டுவது வழக்கமாயிற்று. அத்தகைய காரின் யூஎஸ்பி துளையில் அடப்டரைச் செருகியதும் அது அங்கிருந்தே மின்சாரத்தைப் பெற்று, புளூடூத் என்னும் குறுந்தூர வானொலி இணைப்பினால் போனைத் தேடிக் கண்டு, தன் வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் அதனிடம் ஒப்படைக்கிறது. அதன்பின் போன் ஏறத்தாழ 6 சென்ரிமீற்றர் அலைநீளமுடைய 5 கிகாஹேர்ட்ஸ் அலையில் படத்தையும் ஒலியையும் அனுப்ப, அடப்டர் அவற்றை வாங்கிக் கம்பிவழி வந்தவை போலவே காருக்குக் கொடுக்கிறது.

இங்கு ஊன்றி நோக்கத்தக்கது, அடப்டர் இரு தரப்புக்கும் இரு வேறு பொருளாகத் தோன்றுகிறது என்பதாகும். காருக்கு அது கம்பியில் மாட்டிய ஒரு போன். போனுக்கோ அது கம்பியின்றிப் பேசவல்ல ஒரு கார். உண்மையில் அது இரண்டுமன்று. இரு தரப்பும் அதனைத் தவறாக அறிந்திருப்பதனாலேயே இணைப்பு நிகழ்கிறது. அடப்டர் தன்னை அடப்டர் என்றே அறிவித்துக்கொள்ளுமாயின், பழைய காரின் திரையில் எதுவும் தோன்றாது. கம்பியில்லா இணைப்பு என்ற பெயர் நடுவில் எதுவுமில்லை என்ற எண்ணத்தைத் தருகிறதெனினும், முன்பு போனுக்கும் காருக்கும் இடையே தன்னறிவு சற்றுமில்லாத கம்பியொன்று மட்டும் கிடந்த இடத்தில், இப்போது இரு பக்கமும் பேசத் தெரிந்த ஒரு பொருள் வந்து அமர்ந்திருக்கிறது என்பதே உண்மை.

தவறான அறிவு சரியான பயனைத் தருமாயின் அதை எவ்வாறு மதிப்பது என்ற கேள்வியை இந்திய அளவைநூலார் நெடுங்காலத்துக்கு முன்பே எழுப்பியுள்ளனர். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி இருவரை எடுத்துக்காட்டுகிறார். ஒருவன் மணியின் ஒளியைக் கண்டு அதுவே மணி என்று ஓடுகிறான். மற்றவன் விளக்கின் ஒளியைக் கண்டு அதுவும் மணி என்று ஓடுகிறான். இருவரும் ஒளியைப் பொருளென மயங்கியவர்களே. எனினும் முதலாமவன் மணியைப் பெறுகிறான், இரண்டாமவன் வெறுங்கையோடு திரும்புகிறான். மயக்கத்தின் அளவில் வேறுபாடு இல்லை. அந்த ஒளி எதனிடமிருந்து வந்தது என்பதிலேயே வேறுபாடு உள்ளது. அடப்டரைப் போன் என்று கொள்ளும் கார் முதலாமவனைப் போன்றது, ஏனெனில் அடப்டருக்குப் பின்னால் போன் இருக்கிறது.

இலங்கையின் கிழக்கே, செங்கலடி என்னும் ஊர் அமைந்துள்ள மட்டக்களப்புப் பிரதேசத்தில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. மாரி, காளி, பேச்சி முதலான அம்மன் கோயில்களில் ஆண்டுக்கொருமுறை நிகழும் பெருவிழா இங்கு சடங்கு எனப்படும். அதன் உயிர்நிலையாக விளங்குவது தெய்வமாடுதல், அதாவது விரதமிருந்த அடியவர் ஒருவர் உருவேறித் தெய்வமாக நின்று ஆடுவதும் வாக்குச் சொல்வதும் ஆகும். பறையும் உடுக்கும் முழங்க, பூசாரியாரின் மந்திரத்துக்கு இசைந்து உடல் நடுங்கத் தொடங்கும் அந்த மனிதரை, முதல்நாள் மாலை வயல் வரம்பில் மச்சான் என்று அழைத்தவர் இப்போது தாயே என்று விளித்து, மகளின் கலியாணம் ஏன் தடைப்படுகிறது என்று கைகூப்பிக் கேட்கிறார். தெய்வமாடுபவர் வேப்பிலையால் தடவி, திருநீறிட்டு, விடை சொல்கிறார். உரு இறங்கித் தண்ணீர் குடித்தபின் அவர் மீண்டும் மச்சானே. இம்மாற்றத்தில் ஊராருக்கு எவ்விதத் தடுமாற்றமும் இல்லை என்பது கவனிக்கத்தக்கது: அவர் மனிதர் என்பதை எவரும் மறந்ததுமில்லை, அவரிடம் வந்தது தெய்வம் என்பதை அந்நேரத்தில் எவரும் ஐயுற்றதுமில்லை. அவர் தெய்வத்தின் முன்னிலையில் அடியவராகவும் அடியவர் முன்னிலையில் தெய்வமாகவும் ஒரே நேரத்தில் நிற்கிறார். இரு முகமும் அவருடையவை, எனினும் இரண்டிலொன்றே அவரது முழுமை என்று சொல்வதற்கில்லை.

இத்தகைய வழிபாடுகளை 19ஆம் நூற்றாண்டுச் சைவச் சீர்திருத்தம் விரும்பவில்லை. ஆறுமுக நாவலர் (1822–1879) ஆகம நெறிக்குப் புறம்பானவை என்று பலவற்றைக் கடிந்தார். கண்ணகி வழிபாடும் அவரது கண்டனத்துக்கு உள்ளாயிற்று. யாழ்ப்பாணத்தில் கண்ணகி கோயில்கள் பல காலப்போக்கில் ஆகம வழிப்பட்ட அம்மன் பெயர்களைப் பெற்றுக்கொள்ள, ஆரையம்பதி, செட்டிபாளையம் போன்ற மட்டக்களப்பு ஊர்களில் வைகாசி மாதத்துத் திருக்குளிர்த்திச் சடங்கும் கண்ணகி வழக்குரைக் காவியம் படித்தலும் இன்றும் தொடர்கின்றன. நாவலர் மரபினரின் நோக்கம் இடைநிற்பதை முற்றாக அகற்றுவதன்று, ஆகமமும் தீட்சையும் பெற்ற இடைநிலையை மட்டும் நிறுத்துவதே என்று கொள்வது பொருந்தும். எனவே அச்சர்ச்சையின் உட்பொருள், யாருக்கு நடுவில் நிற்கும் தகுதி உண்டு என்பதேயன்றி, நடுவிடம் வேண்டுமா என்பதன்று.

நடுவிடமே வேண்டாம் என்று கூறிய குரல்களும் இப்பிரதேசத்தில் ஒலித்துள்ளன. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லிய மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட், 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தக் கிறித்தவ மரபைச் சேர்ந்தவர். புனிதரின் பரிந்துரையோ குருவின் பாவமன்னிப்போ இன்றி ஒவ்வொருவரும் நேரே இறைவனை அணுகலாம் என்பது அம்மரபின் அடிப்படை. ஆயினும் அவர் வந்தவுடன் செய்த செயல் பள்ளிக்கூடம் தொடங்கியதே. நேரே அணுகுவோர் நூலைப் படித்தாக வேண்டும், படிப்பதற்கு எழுத்து வேண்டும், எழுத்தைக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும். புனிதர் இருந்த இடத்தில் புத்தகம் வந்து அமர்ந்தது. செங்கலடிக்கு அயலூரான ஏறாவூரில் வாழும் முஸ்லிம்களின் சமயத்திலும், இறைவனுக்கு இணை வைத்தலாகாது என்ற கொள்கை உறுதியாக இருக்க, நல்லடியாரை வஸீலாவாக, அதாவது இறைவனை அணுகும் வழித்துணையாகக் கொள்ளலாமா என்ற விவாதம் இஸ்லாமிய உலகெங்கும் உள்ளதுபோலவே தொடர்கிறது. கம்பியை அகற்றினால் அடப்டர் வருகிறது என்பதை இவ்வரலாறுகளும் தம் வழியில் காட்டுகின்றன.

இங்கு சைவ சித்தாந்தம் கூறும் விடை, சடங்கை ஏற்போர்க்கும் மறுப்போர்க்கும் ஒருங்கே சங்கடம் தருவது. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய பன்னிரு சூத்திரங்களாலான சிவஞானபோதமும், 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் அதற்கு எழுதிய மாபாடியமும் பொருள்களை மூவகையாக நோக்குகின்றன: மாறாத அறிவான இறை சத்து, அறிவற்று மாறும் உலகு அசத்து, இவ்விரண்டையும் அறியும் ஆனால் இரண்டுமாகாத உயிர் சதசத்து. உயிருக்குரிய தனியியல்பு சார்ந்ததன் வண்ணமாதல் எனப்படும். பளிங்கு தன்னருகே வைத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டுவதுபோல, உயிர் உலகைச் சார்ந்து உலகாகவும் இறையைச் சார்ந்து இறையாகவும் விளங்கும். கண் ஒரு பொருளைக் காண ஒளி காட்டவும் வேண்டும், உயிர் கண்ணோடு உடனின்று காணவும் வேண்டும். அவ்வாறே உயிர் அறிய இறைவன் காட்டுதலும் உடனின்று காணுதலும் ஆகிய இரு உபகாரங்களையும் செய்கிறான் என்பது சித்தாந்தத் துணிபு.

இதிலிருந்து பெறப்படுவது, பூசாரியாரோ தெய்வமாடுபவரோ மட்டும் இடைநிற்பவர் அல்லர், அறியும் ஒவ்வோர் உயிரும் இடைநிற்பதே என்பதாகும். எல்லா இடைநிலையையும் விலக்கிவிட்டேன் என்று சொல்லும் சீர்திருத்தக்காரரிடமும் அவருடைய உயிர் எஞ்சியிருக்கிறது. அது எதையோ சார்ந்து எதன் நிறத்தையோ காட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே இடைநிற்றல் குற்றமன்று. நான் அறிகிறேன், நான் செய்கிறேன் என எழும் முனைப்பைச் சித்தாந்தம் தற்போதம் என்று பெயரிட்டுக் குற்றமாக எண்ணுகிறது. தெய்வமாடுபவர் பொய்யரா என்று கேட்பதைவிட, அவர் சொன்ன வாக்கில் அவருடைய கோபமும் காணித் தகராறும் எவ்வளவு கலந்தன என்று கேட்பதே சித்தாந்தத்துக்கு இசைந்த கேள்வி. ஊராரும் இதையே தம் முறையில் கேட்பதுண்டு, தெய்வம் சொன்னதா ஆள் சொன்னதா என்று பின்னர் வீட்டுத் திண்ணையில் பேசிக்கொள்வதில் எவருக்கும் கூச்சமில்லை.

போன் இறைவன், கார் உயிர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பெயர் சூட்டும் உருவகம் மலிவானது. இங்கு அது வேண்டப்படவில்லை. ஆயினும் அடப்டரின் நடைமுறை ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது. மட்டக்களப்பிலிருந்து வடக்கே செல்லும் வீதியை விட்டுச் செங்கலடியில் மேற்கே திரும்பி, கறடியனாறு, புல்லுமலை, மகா ஓயா வழியாகப் பதுளைக்கு ஏறும் ஏ5 வீதியில் சிக்னல் மெலியும் இடத்தில், திரையிலுள்ள வரைபடத்தின் புதிய பகுதிகள் வராமல் வெறும் சாம்பல் நிறக் கட்டங்கள் நிற்கும். அப்போதும் அடப்டருக்கும் போனுக்கும் இடையிலான வைஃபை இணைப்பு சிறிதும் குறைவதில்லை, ஏனெனில் அது இணையத்தைச் சார்ந்ததன்று. இடைநிற்பது செவ்வனே தொழிற்பட, அதன்வழி வரவேண்டியது வராதிருத்தல் இயலும் என்பது இதனால் விளங்கும். முறைப்படி நடந்தேறிய சடங்கொன்றில் தெய்வம் வரவில்லை என்று ஊர் சொல்வதும் இத்தகையதே. பூசாரியாரின் மந்திரத்தில் பிழை காணாமலேயே அவ்வாறு சொல்ல முடிகிறது.

அதே சாம்பல் கட்டங்களின் மீது காரைக் குறிக்கும் அம்பு மட்டும் தொடர்ந்து நகர்வது மற்றொரு வியப்பு. ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செய்மதிகள் தம் நேரத்தையும் இருப்பையும் இடையறாது ஒலிபரப்ப, குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பெற்ற போன் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்கிறது. போன் செய்மதிக்கு எதையும் அனுப்புவதில்லை, யார் பெறுகிறார் என்பது செய்மதிக்குத் தெரிவதுமில்லை. சித்தாந்தம் இறைவனின் ஐந்தொழிலைச் சந்நிதியளவில் நிகழ்வதாகக் கூறும், அதாவது கதிரவன் முன்னிலையில் தாமரை மலர்வதுபோல, இறைவன் விகாரமுறாமல் அவன் முன்னிலையிலேயே யாவும் நிகழும். ஆனால் ஒப்புமை இங்கேயே முறிந்தும் விடுகிறது: சித்தாந்தத்தின் இறைவன் ஒவ்வோர் உயிரையும் அதன் பக்குவத்தையும் அறிந்தே அருள்பவன், பெறுபவரை அறியாத அருளைச் சைவர் எவரும் அருள் என ஏற்கமாட்டார்.

அடப்டர் தூய இடைப்பொருளும் அன்று. கம்பியில் உடனே தோன்றிய படம் இதில் கணநேரம் பிந்துகிறது. பாட்டை மாற்ற விரல் தொட்டபின் சிறு தயக்கம் உண்டாகிறது. வெயிலில் நிறுத்திய காரில் அது சுட்டுத் துண்டித்துக்கொள்வதும் உண்டு. சீவன்முத்தரிடத்தும், அதாவது உடலோடு வாழும்போதே வீடுபெற்றவரிடத்தும், பெருங்காயம் இருந்த பாண்டத்தின் மணம்போல வாசனாமலம் எஞ்சும் என்றும், அது தாக்காதிருக்க அவர் ஐந்தெழுத்தை ஓதி, அடியாரோடு இணங்கி, திருவேடத்தையும் திருக்கோயிலையும் வழிபட வேண்டும் என்றும் சித்தாந்தம் கூறுவது, முற்றும் தானற்ற இடைநிலை இவ்வுடலில் எளிதன்று என்ற எச்சரிக்கையாகவே கொள்ளத்தக்கது.

கணவன், மனைவி இருவரின் போன்களையும் முன்பே அறிந்துள்ள அடப்டர், இருவரும் காரில் ஏறும்போது எதனோடு இணையும் என்பது இன்னுமொரு சிக்கல். பெரும்பாலான அடப்டர்கள் கடைசியாக இணைந்த போனை முதலில் தேடுகின்றன. வாகனத்தை இன்று ஓட்டும் சாரதி யார் என்பது அவற்றுக்குப் பொருட்டன்று. யாரை ஏந்துவது என்ற தெரிவு இவ்வாறு இடைநிற்பதன் நினைவிலேயே விடப்பட்டிருப்பது, தற்போதம் நுழையும் வாயிலாகும். சடங்கில் இவ்வாயில் காவலின்றி விடப்படுவதில்லை. உருவேறியவரிடம் வந்திருப்பது யார் என்று பூசாரியார் கேட்கிறார். பெயர் சொல்லாத வரைக்கும், எவ்வளவு ஆடினாலும், அவரிடம் ஒருவரும் வாக்குக் கேட்பதில்லை.