செயற்கையுயிரியலும் இளைஞர் கல்வியும்

இக்காலத்து மாணவர் பயிலும் புதிய கலைகளுள் ஒன்று செயற்கையுயிரியல் எனப்படுவது. உடம்பின் அமைப்பிற்கு வித்தாய்க் கிடக்கும் மரபணுக்களை வெட்டியும் ஒட்டியும், வேண்டுமிடத்துப் புதியன இயற்றிப் புகுத்தியும், அவ்வுடம்பைத் தாம் கருதிய தொழில் செய்யுமாறு அமைத்துக்கொள்ளும் கலை அது. அமெரிக்க நாட்டு மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 2003-ஆம் ஆண்டு சனவரித் திங்களில் ஒரு சிறு பாடமாகத் தொடங்கிய இப்பயிற்சி, 2004-இல் ஐந்து கல்விநிலையத்தார் கலந்துகொண்ட போட்டியாயிற்று. பின்னர் ஐஜெம் என்னும் பெயரோடு பல நாட்டுக் கல்லூரி மாணவரும் பள்ளி மாணவரும் கூடும் பேரவையாக வளர்ந்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக மாணவரும் அதன்கண் பங்குகொண்டுள்ளனர்.

இக்கலையை இளைஞர்க்குக் கற்பித்தல் தகுமோ, தகுமெனின் எவ்வாறு கற்பித்தல் வேண்டும் என்னும் வினா சைவ நன்மக்களிடையும் எழுதற்குரியது. உயிரைப் படைத்தல் இறைவன் தொழிலாதலின் அதன்கண் மக்கள் கைவைத்தல் அபசாரம், இளைஞரை விலக்குதலே முறை என்பர் ஒருசாரார். விஞ்ஞானம் வேறு சமயம் வேறு, அவர் கற்பதை அவர் ஆசிரியர் பார்த்துக்கொள்வர், நமக்கென்ன என்பர் மற்றொருசாரார். இவ்விரு திறத்தார் கூற்றும் பொருந்தாமையை ஈண்டு ஒருசிறிது ஆராய்வாம்.

முதற்கண் சொல்லை நோக்குக. 'செயற்கையுயிரியல்' என்னும் தொடரைச் செயற்கை உயிரினது இயல் என விரித்துப் பொருள்கொள்வார் உளர். அவ்வாறு கொள்ளின் செயற்கையாகிய உயிர் ஒன்று உண்டெனப்பட்டு, அக்கலையின் பொருளும் நம் சித்தாந்தப் பொருளும் ஒருங்கே மயங்கும். உள்ளதனை ஆராய்வதோடமையாது செய்தும் பார்க்கும் உயிரியல் என்பதே அதன் கருத்து. 'உயிரணு' என்னும் சொல்லும் இத்தன்மைத்தே. அணுவே உயிரென்று அது கூறுவதன்று. உயிர் பொருந்திய உடம்பின் மிகச் சிறிய பகுதி என்றே கூறுவது. இவ்விரண்டையும் முதல் நாளிலே விளக்காத ஆசிரியன் கோணிய அடிப்படைமேற் சுவரெழுப்புகின்றான்.

இனி, செய்ததாகச் சொல்லப்படுவது யாதென ஆராய்வாம். 2010-ஆம் ஆண்டு மே மாதத்திற் கிரெய்க் வென்டர் என்பாரும் அவர் குழுவினரும், மைக்கோபிளாஸ்மா என்னும் இனத்துக் கிருமியொன்றன் மரபுத்தொகுதியை, ஏறக்குறையப் பத்து லட்சத்து எண்பதினாயிரம் எழுத்துக்கள் கொண்டதனை, வேதிப்பொருள்களால் இயற்றிக் கோத்து, அவ்வினத்துப் பிறிதொரு கிருமியின் உடம்பிற் புகுத்தினர். புகுந்த தொகுதியின்வழியே அவ்வுடம்பு இயங்கிப் பெருகிற்று. மனிதன் உயிரைப் படைத்துவிட்டான் என்னும் ஆரவாரமும் உடனெழுந்தது. ஆயின் அவ்வெழுத்துக்களின் வரிசை பெரும்பாலும் இயற்கையில் முன்னரே உள்ளது, அவர் பார்த்தெழுதினர். துண்டுகள் ஒன்றாயிணைந்ததும் ஈஸ்ட் என்னும் மற்றொரு சிற்றுடம்பினுள்ளே. புகுத்திய இடமோ முன்னரே இயங்கிக்கொண்டிருந்த உடம்பு. குடத்திற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணன் என்பது நம் ஆசிரியர் காட்டும் உவமை. சோதனைச்சாலையில் நின்றார் கைத்திறன் மிக்க குயவரேயன்றி மண்ணைத் தோற்றுவித்தாரல்லர். காரியம் காரணத்தில் முன்னரே உளதென்னும் சற்காரியவாதத்திற்கு இதனால் யாதோர் இழுக்குமில்லை.

இன்னும் நுணுகி நோக்கின், உயிரைப் படைத்தல் இறைவன் தொழில் என்ற முதற்சாரார் கூற்றே சித்தாந்தத்தோடு மாறுகொள்வதாம். உயிர்கள் அநாதி, படைக்கப்படுவனவல்ல. மாயையினின்றும் தனு கரண புவன போகங்களைத் தோற்றுவித்து வினைக்கீடாக அவ்வுயிர்களொடு கூட்டுதலே படைத்தலெனப்படும். உயிரும் ஒருநாள் உண்டாக்கப்பட்டது என்று கொள்ளும் மதத்தினர்க்கு இக்கலைபற்றி ஓரச்சம் எழுதல் கூடும். அவர்க்குரிய அச்சத்தை நாம் கடன்வாங்கி வருந்துதல் வேண்டா.

அஞ்சற்பாலது பிறிதொன்றுண்டு. எழுத்துக்களின் கோவையே நீ, அதன்மேல் ஒன்றுமில்லை என்னும் கருத்து, பாடநூலில் எழுதாமலே எழுதப்பட்டு இளைஞர் உள்ளத்திற் புகுகின்றது. இஃது உடம்பே ஆன்மாவென்ற பழைய தேகான்மவாதம் புத்தாடை உடுத்து வந்ததேயாம். 2016-இல் அக்குழுவினரே அக்கிருமியின் தொகுதியைக் குறைத்துக் குறைத்து, 473 மரபணுக்களே உடையதாய் நின்றியங்கும் ஒன்றை அமைத்தனர். அவற்றுள் 149 இன்ன தொழில் செய்வன என்பது அப்பொழுது அவர்க்கே விளங்கவில்லை. அவ்வறியாமையைச் சான்றாக்கி நாம் வெற்றிகொள்ளப் புகுதல் முறையன்று. அத்தொழில்கள் ஒவ்வொன்றாய் விளங்குதலும் கூடும். முழுதும் விளங்கினும், அறியப்படும் எழுத்து அறியும் அறிவாகாது என்பதே நம் வாதம். அறியப்படுவதற்கும் அறிவதற்கும் உள்ள இவ்வேற்றுமையைக் கற்ற மாணாக்கன் எந்தச் சோதனைச்சாலையினும் மயங்கான்.

நமக்கென்ன என்னும் இரண்டாஞ்சாரார்க்கு வருவாம். இக்கலையால் விளைந்த நன்மை சிறிதன்று. நீரிழிவு நோயாளர்க்கு வேண்டும் இன்சுலின் முன்னர்ப் பன்றி, மாடு என்பவற்றின் கணையத்தினின்று எடுக்கப்பட்டது. 1978-இல் மக்கட்குரிய இன்சுலினைக் கிருமியின் உடம்பில் விளைவிக்கும் முறை கண்டனர். 1982-இல் அது மருந்தாக அமெரிக்காவில் இசைவு பெற்றது. கொல்லாமையைத் தலைக்கொண்ட நாம் இதனை மகிழ்தற்கு ஐயமென்னை? 2006-இல் எடின்பரோ நகரத்து மாணவர், குடிநீரில் ஆர்சனிக் என்னும் நஞ்சு கலந்திருப்பதைக் காட்டும் கிருமியை மேற்கூறிய போட்டிக்கென அமைக்க முயன்றனர். இளைஞர் அறிவு பிறர் துயர்மேற் சென்ற இடம் அது.

தீமைக்கும் சான்று உளது. 2018 நவம்பரிற் சீன நாட்டு ஹீ சியான்குயி என்பார், தாம் கருநிலையில் மரபணுத் திருத்திய இரட்டைப் பெண்மக்கள் பிறந்தனர் என அறிவித்தார். தந்தைக்கிருந்த எச்.ஐ.வி. தொற்றை நோக்கி, அந்நோய்க்கிருமி புகும் வாயிலை அடைத்தலே தம் கருத்தென்றார். அத்தொற்று மக்கட்கு வாராது காக்கும் வேறு வழிகள் முன்னரே இருந்தன. செய்த மாற்றமும் கருதியவாறே அமைந்திலது. 2019 டிசம்பரில் நீதிமன்றம் அவர்க்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. அவர் கல்லாதவரல்லர், இக்கலையை நன்கு கற்றவர். அவர் கேளாது விட்ட வினா ஒன்றே: இவ்வுடம்பு எவர்க்குரியது? பெற்றோர் உடன்பட்டனர் என்ப. பெற்றோர் உடம்பு தோன்றுதற்குத் துணையாவாரேயன்றி, அதில் வந்து குடிபுகும் உயிரை உடையாரல்லர். உயிர்கள் முதல்வன் ஒருவனுக்கே உடைமை. குடிபுக வரும் அவ்வுயிர் உடன்படவுமில்லை, மறுக்கவுமில்லை; அதன் வழித்தோன்றல்களையும் அம்மாற்றம் தொடர்தல் கூடும்.

அற்றேல், ஓருயிர் எவ்வுடம்பைப் பெறுமென்பது அதன் வினைக்கீடாக அமைவதன்றோ, திருத்திய உடம்பும் அதற்குரிய பிராரத்தமே எனின் திருத்தினார்க்குக் குற்றமென்னை எனின், அறியாது கூறினாய். நுகர்வான் நுகர்வது தன் பிராரத்தமேயாயினும், அதற்கு வாயிலாய் நின்று இழைத்தானுக்கு அச்செயல் ஆகாமியமாய் ஏறும். ஏறாதெனின் களவும் கொலையும் குற்றமாகாதொழியும். வினைக்கொள்கை நுகர்வானுக்கு ஆறுதலாவது, செய்வானுக்குச் சாக்காவதன்று.

அற்றேல் இம்மருத்துவம் முழுதும் விலக்கத்தக்கதோ எனின், அன்று. அரிவாளணுச் சோகை என்னும் கொடுநோய்க்கு, நோயாளியின் குருதியாக்கும் அணுக்களை வெளியே எடுத்து மரபணுத் திருத்தி மீள அவர்க்கே செலுத்தும் மருத்துவம் 2023-ஆம் ஆண்டின் இறுதியிற் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இசைவு பெற்றது. ஆண்டு நோயுற்றார் உணர்ந்து உடன்படுகின்றார். மாற்றமும் வழிவழிச் செல்லாது அவ்வுடம்போடு நிற்பது. உடன்பட்டார் யார், விளைவு எவர்மட்டில் நிற்கும் என்னும் இவ்விரு வினாக்களே இளைஞன் கையிற் கொடுக்கவேண்டிய அளவுகோல்.

இவ்வளவுகோல் அயலாரும் அறியாததன்று. 1974-இற் பால் பெர்க் முதலிய அறிஞர், தாம் கண்ட புதிய முறையில் அச்சந்தரும் சில சோதனைகளைத் தாமே நிறுத்திவைக்குமாறு வேண்டினர். 1975 பிப்ரவரியிற் கலிபோர்னியாவின் அசிலோமர் என்னுமிடத்து ஏறக்குறைய 140 பேர் கூடி, எவ்வெக்காவலொடு அவற்றைச் செய்தல் தகுமென வரையறுத்தனர். ஐஜெம் போட்டியிலும் திருத்திய உயிரிகளைச் சோதனைச்சாலைக்குப் புறத்தே விடலாகாதென விதியுண்டு. ஆற்றலுடையார் தம்மைத் தாமே அடக்கிய இவ்வரலாற்றை நம் மாணவர்க்குச் சொல்லுவார் சிலரே.

ஆதலின் ஆதீனங்களும் சைவக் கல்லூரிகளும் செய்யத்தக்கது இது. சிவஞானசித்தியார்ப் பரபக்கம் பதினான்கு மதங்களை எடுத்துக்கொண்டு, உலகாயதனை முதலிற் பேசவிட்டு, அவன் கூற்று முடிந்தபின்னரே மறுக்கின்றது. அம்முறை நமக்கு உரியது. சித்தாந்த வகுப்பிலே உயிரியலாசிரியர் ஒருவரை அழைத்து, நுண்ணோக்கியையும் வைத்து, அக்கலையை அவர் வாயாலே குறைவறக் கேட்பிக்க. அதன்பின் முப்பொருளிலக்கணத்தை நாம் உரைப்பின், கேட்கும் இளைஞன் ஒன்றை மறைத்து ஒன்றைக் கூறினாரென நம்மை ஐயுறான். அவன் நாளை மருத்துவனாயும் விஞ்ஞானியாயும் நிற்பான். பிறவாத ஓருயிரின் உடம்பு அவன் கைக்கீழ்க் கிடக்குங்கால் யாம் அருகிரோம். யாம் கற்பித்ததே அவனோடிருக்கும்.