அம்மாவின் சங்கிலி

பாதரசத்தைத் தங்கமாக்குவதற்கு ரசவாதம் என்று பெயர். 'எனக்குத் தெரியும்' என்று சொன்ன சாமியார்களிடம் பணத்தைக் கொடுத்து ஏமாந்தவர்கள் ஏராளம். இப்போது கோட்டு போட்டவர்கள் சொல்கிறார்கள். ஒரே வித்தியாசம், இவர்கள் சொல்கிற பௌதிகம் சரி!

சான்பிரான்சிஸ்கோவில் மாரத்தான் ஃப்யூஷன் என்றொரு கம்பெனி. 2025 ஜூலையில் ஒரு கட்டுரை வெளியிட்டது. சூரியனில் நடப்பதுபோல ஹைட்ரஜன் அணுக்கருக்களை ஒன்று சேர்த்து மின்சாரம் எடுப்பது அணுக்கரு இணைவு. அதில் வேகமான நியூட்ரான்கள் தெறிக்கும். உலையைச் சுற்றி பாதரசம்-198 வைத்தால், மோதுகிற நியூட்ரான் அதிலிருந்து இன்னொரு நியூட்ரானைத் தட்டிவிடும். மிச்சம் பாதரசம்-197. அது சில நாட்களில் தானாகவே தங்கமாகிவிடும். கவரிங் இல்லை சார், நகைக்கடையில் விற்கிற அதே தங்கம்! ஆயிரம் மெகாவாட் நிலையத்தில் வருஷத்துக்கு 5 டன் கிடைக்குமாம்.

எல்லாம் கணக்குதான். ஒரு கிராம்கூட எடுத்துக் காட்டவில்லை. மின்சாரம் விற்கிற இணைவு உலையே இன்னும் உலகில் கிடையாது.

நான் பி.காம். எனக்கு உலையைவிட விலைதான் உறுத்துகிறது. அந்தப் படிப்புக்கு ஃபீஸ் கட்டியது அம்மாவின் ரெட்டை வடச் சங்கிலி. ஜூன் மாதம் அடகுக் கடைக்குப் போகும். அப்பாவுக்கு போனஸ் வந்தால் தீபாவளிக்குக் கழுத்துக்குத் திரும்பும். அம்மாவுக்கு பாங்க், இன்ஷூரன்ஸ், தைரியம் எல்லாம் அதுதான்.

1884-ல் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் அலுமினியம் வைத்தார்கள். அப்போது அது ஏறக்குறைய வெள்ளி விலை. 1886-ல் மின்சாரத்தால் அதைப் பிரிக்கும் வழி தெரிந்தது. விலை சரிந்து டீக்கடைப் பாத்திரமானது. உலகத்துக்கு லாபம்தான். ஆனால் அலுமினியத்தை அடகு வைத்து யாரும் பிள்ளையைப் படிக்க வைத்ததில்லையே!

அதற்காக, புகையில்லாத மின்சாரத்தை நாலு பவுனுக்காகத் தடுக்கலாமா? கூடாது. உலை ஓடட்டும் என்றுதான் சொல்வேன், சங்கடத்தோடு. சுரங்கங்கள் வருஷத்துக்கு 3,500 டன்னுக்கு மேல் தோண்டுகின்றன. ஓர் உலையால் ஒன்றும் ஆகாது. நூற்றுக்கணக்கில் வந்தால்?

கதிரியக்கம் அடங்க அந்தத் தங்கத்தை 14 முதல் 18 வருஷம்வரை பூட்டி வைக்க வேண்டியிருக்கலாம் என்று அவர்களே சொல்கிறார்கள். 'அப்ப டைம் இருக்கே' என்கிறீர்களா? தங்கம் வெளியே வரும் நாளிலா விலை இறங்கும்? வரப்போவது உறுதி என்று தெரிகிற அன்றைக்கே இறங்கும். விஷயம் தெரிந்தவர்கள் காலையிலேயே விற்றுவிடுவார்கள். மகனின் ஃபீஸுக்காக அடகுக் கடையில் நிற்கிறவளுக்கு, தராசைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் "இவ்வளவுதாம்மா தர முடியும்" என்று சொல்லும்போதுதான் தெரியும்.